மழைக்காலத்துல அந்தமான் போலாமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் அந்தமான் ரெண்டு தடவ போயிருக்கேன், ரெண்டு தடவயும் மழைலதான். மொத தடவ தெரியாம போனது, ரெண்டாவது தடவ தெரிஞ்சே போனது. அதனால சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேல பாக்குறவங்க, அவங்க சொல்லி வர்றவங்கன்னு யாரு டிக்கெட் போட்டாலும் எனக்குத்தான் போன் வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிச்சதுல, எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

மே மாசம் பசங்களுக்கு ஸ்கூல் லீவு, அப்ப போலாம்ல?

நம்ம ஊர்க்காரங்க முக்கால்வாசி பேர் மாட்டுறது இங்கதான், நானும் மொத தடவ இதுலதான் மாட்டினேன். நமக்கு மே மாசம்னா அக்னி நட்சத்திரம், மழைங்கற ஞாபகமே வராது. ஆனா தென்மேற்குப் பருவமழை இந்தியாவுல மொதல்ல கால் வைக்கிற இடமே அந்தமான்தான். கேரளாவுக்கு ஜூன் 1-ன்னா அங்க மே மூணாவது வாரத்துலயே ஆரம்பிச்சிடும், சில வருஷம் அதுக்கு முன்னாடியே. டிவில "அந்தமான் கடற்பகுதியில் பருவமழை தொடங்கியது"ன்னு வாசிக்கிறப்ப நாம சந்தோஷப்படுவோம், அங்க லக்கேஜோட நிக்கிறவனுக்குத்தான் அது என்னன்னு தெரியும். மே மொத வாரம்னா பரவால்ல, கடைசி வாரம்னா மழைக்குத் தயாரா போங்க. காலாண்டு லீவுல போனாலும் மழைதான். அரையாண்டு லீவுல மழை கம்மி, கூட்டமும் ரேட்டும் ஜாஸ்தி. லீவு கிடைச்சா பொங்கலுக்கு அப்புறம் ஜனவரி கடைசிலேர்ந்து மார்ச் வரைக்கும்தான் நல்ல சீசன்.

நாள் பூரா கொட்டுமா?

வருஷத்துக்கு சுமார் 3000 மில்லிமீட்டர், சென்னைல பெய்யறத விட ரெண்டு மடங்குக்கு மேல. மே கடைசிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு, அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள அக்டோபர்லேர்ந்து வடகிழக்கு. ரெண்டு பருவத்துலயும் வாங்கற ஊரு.

ஆனா பெய்யற விதம் நம்ம ஊர் ஐப்பசி அடமழை மாதிரி எப்பவும் இருக்காது. ஒரு முக்கா மணி நேரம் எதிர்ல இருக்கறவன் முகம் தெரியாத அளவுக்கு ஊத்தும், அப்புறம் ஒன்னுமே நடக்காத மாதிரி வெயில் அடிக்கும், ஈரக் காடு பூரா ஆவி பறக்கும், அந்தப் பச்சைய நான் வேற எங்கயும் பாத்ததில்ல. தாழ்வு நிலை ஏதாவது பக்கத்துல வந்து உக்காந்துடுச்சுன்னாதான் ரெண்டு மூணு நாள் விடாது. உள்ளூர்க்காரங்க மழைய திட்டுறதே இல்ல, ஏன்னா போர்ட் பிளேர் (அந்தமான் தலைநகரம், ப்ளைட் இறங்கற ஊரு) பூராவும் தனிக்காரி அணைத் தண்ணிய நம்பி இருக்கு, ஏப்ரல் மே-ல குழாய்ல தண்ணி முறை வச்சு விடுவாங்க. நாம டூர் கெட்டுச்சேன்னு புலம்புவோம், ஆட்டோக்காரர் "இன்னும் ரெண்டு நாள் பெய்யணும் சார்"ம்பாரு.

(போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பர்லேர்ந்து ஸ்ரீ விஜயபுரம்னு பேரு. அங்கேர்ந்து கப்பல்ல போற ஹேவ்லாக் தீவு 2018 கடைசிலயே ஸ்வராஜ் தீவு ஆயிடுச்சு, நீல் தீவு ஷஹீத் தீவு. டிக்கெட்ல புதுப் பேரு இருந்தா பயப்படாதீங்க, அதே ஊருதான். வாய்ல வர்றது இன்னும் பழைய பேருதான், நானும் அப்படியேதான் எழுதப் போறேன்.)

மழை பெஞ்சா ஹேவ்லாக் கப்பல் கேன்சல் ஆயிடுமா?

இத நல்லா புரிஞ்சுக்கிட்டா மிச்சக் கேள்வில பாதிய கேக்கவே மாட்டீங்க. மழைக்கு கப்பல் நிக்காது. காத்துக்கும் அலைக்கும்தான் நிக்கும். கொட்டுற மழைல கப்பல் ஜம்முனு போறதயும் பாத்திருக்கேன், சொட்டு மழை இல்லாம வெயில் அடிக்கிறப்ப ஒரு கப்பல் கூட ஓடாம நின்னதயும் பாத்திருக்கேன். போன்ல வெதர் ஆப்ப திறந்து மேகப் படத்தயும் மழை சதவீதத்தயும் பாத்து பயப்படுறதுல அர்த்தமே இல்ல, அந்த ஊர்ல ஜூன்லேர்ந்து எந்த நாளப் பாத்தாலும் மேகத்துல இடிமின்னல் படம்தான் காட்டும். நீங்க பாக்க வேண்டியது காத்து வேகம், அலை உயரம், துறைமுகத்துல எந்தக் கூண்டு ஏத்தியிருக்காங்க, இந்த மூணுதான். 1-ம் நம்பர் கூண்டுன்னா எங்கயோ தூரத்துல உருவாகுது, 3-ம் நம்பர்னா பலத்த காத்தோட மழை துறைமுகத்துக்கே வரலாம்னு அர்த்தம். துறைமுகத்துல நிறுத்தச் சொல்லிட்டா அரசு கப்பல், தனியார் கப்பல் எல்லாமே நிக்கும், காசு கூடக் கொடுத்தா கூட்டிட்டுப் போவாங்களான்னு ஜெட்டில (கப்பல் ஏறுற துறை) யார்கிட்டயும் கேக்காதீங்க, அப்படி ஒருத்தன் வர்றேன்னு சொன்னா அவன் படகுல சத்தியமா ஏறாதீங்க.

நீங்களே மாட்டிக்கிட்டீங்கன்னு சொன்னாங்களே, என்ன ஆச்சு?

ரெண்டாவது ட்ரிப், செப்டம்பர் மாசம், அம்மா, தம்பி, தம்பி பொண்டாட்டி, அவங்க அஞ்சு வயசுப் பையன், நான். நீல் தீவுல ரெண்டு ராத்திரி தங்கறதா ப்ளான், நாலு ராத்திரி ஆச்சு. கிளம்ப வேண்டிய அன்னிக்கு காலைல ஜெட்டிக்குப் போனா கவுன்டர் கண்ணாடில ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, பேனால எழுதினது, சாரல் பட்டு மை பூரா இறங்கி ஒரு எழுத்து கூட புரியல, எல்லாரும் அதப் போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாத்துக்கிட்டு இருந்தோம். கப்பல் கம்பெனிக்காரங்க போனே எடுக்கல. அம்மா சூட்கேஸ் மேல உக்காந்து தலைல கேரி பேக் மாட்டிக்கிட்டு, "ராமேஸ்வரம் போலாம்னு சொன்னேன், எவன் கேட்டான்"னு அத மட்டும் ஒரு பத்து தடவ சொன்னாங்க.

எங்கள காப்பாத்தினது மார்க்கெட்ல டீக்கடை வச்சிருந்த ஒரு அக்கா. பூர்வீகம் ராமநாதபுரம், பொறந்ததே அந்தமான்லதானாம். நாங்க தமிழ் பேசினதக் கேட்டதும் பென்ச்ச இழுத்துப் போட்டாங்க. "தம்பி, அங்க போயி நிக்காதீங்க, மரத்தப் பாருங்க, தென்னை மட்டை பூரா ஒரே பக்கம் படுத்திருக்குல்ல, இது ஒரு நாள் காத்து இல்ல, ரூம நீட்டிக்கோங்க, நாளைக்கு இன்னும் ஆள் சேந்துட்டா ரூமும் கிடைக்காது." அவங்க சொன்னபடிதான் ஆச்சு. மறுநாள் மதியமே ரூம் வாடகை ஏறிடுச்சு, நாங்க பழைய ரேட்டுல தப்பிச்சோம். கப்பல் திரும்ப ஓட ஆரம்பிச்சப்பவும் நேத்து போக வேண்டியவன், முந்தாநாள் போக வேண்டியவன்னு க்யூ நின்னதுல எங்களுக்கு சாயங்காலக் கப்பல்லதான் இடம் கிடைச்சுது. ரிட்டர்ன் ப்ளைட் போனது போனதுதான்.

எங்களோடது சின்னது. 2016 டிசம்பர்ல ஆயிரத்துக்கும் மேல டூரிஸ்ட் ஹேவ்லாக்லயும் நீல்லயும் மாட்டி, கடைசில கடற்படை கப்பல் அனுப்பித்தான் கூட்டிட்டு வந்தாங்க. அவங்கள அங்க அடைச்சு வச்ச அதே காத்துதான் பலமாகி டிசம்பர் 12-ம் தேதி சென்னைக்கு வந்துச்சு. ஆமா, வர்தா. நம்ம தெரு மரத்த சாச்சது மொதல்ல அவங்க கப்பல நிறுத்தினதுதான்.

அப்ப ப்ளான் எப்படித்தான் போடறது?

ஏஜென்ட் குடுக்கற ப்ளான் பெரும்பாலும் இப்படி இருக்கும்: மொத நாள் போர்ட் பிளேர் ஜெயில், அப்புறம் ஹேவ்லாக், அப்புறம் நீல், நீல்லேர்ந்து சாயங்காலம் வந்து மறுநாள் விடிகாலை ப்ளைட். ஜனவரிக்கு சரி. மழைக்காலத்துக்கு இது தற்கொலை. தலைகீழா மாத்துங்க. இறங்கின அன்னிக்கோ மறுநாளோ நேரா தீவுக்குப் போயிடுங்க, தீவ முடிச்சுட்டு கடைசி ரெண்டு நாளும் போர்ட் பிளேர்ல இருங்க. கப்பல் ஒரு நாள் நின்னாலும் ஜெயிலப் பாக்குற நாள்தான் போகும், ப்ளைட் போகாது. அஞ்சு நாள்தான் லீவுன்னா ஹேவ்லாக், நீல் ரெண்டுல ஒன்ன விட்டுடுங்க. ரெண்டயும் பாக்கணும்னு அடம் பிடிச்சு ரெண்டு ஜெட்டிய மட்டும் பாத்துட்டு வந்தவங்கள எனக்குத் தெரியும். கப்பல் டிக்கெட் போடறப்பவும் காலைக் கப்பலாப் பாத்துப் போடுங்க, அது நின்னாலும் அன்னிக்கே இன்னொன்னு புடிக்க வாய்ப்பிருக்கு.

ப்ளைட் இறங்காம திரும்பி வந்துடுமாமே?

நடக்கும். ரன்வே கடற்படையோடது, அத நம்ம பயணிகள் விமானமும் சேந்து பயன்படுத்துது, பக்கத்துல மேடு வேற. மதியத்துக்கு மேல காத்து ஏறுறதால பெரும்பாலான ப்ளைட் காலைலேர்ந்து மதியத்துக்குள்ளதான். மேகம் தாழ இறங்கிடுச்சுன்னா கொஞ்ச நேரம் வட்டம் அடிச்சுப் பாத்துட்டு சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பிடுவாங்க. ரெண்டு மணி நேரத்துக்குச் சொச்சம் பறந்து போயி மறுபடி மீனம்பாக்கத்துலயே இறங்கினா எப்படி இருக்கும், என் மாமா பையன் குடும்பத்துக்கு அப்படித்தான் ஆச்சு. முடிஞ்ச அளவு முதல் ப்ளைட்ட புடிங்க. மதுரை, கோவைலேர்ந்து வர்றவங்க ரெண்டு டிக்கெட்டயும் ஒரே புக்கிங்ல போடுங்க, தனித்தனியா போட்டா ஒன்னு லேட்டானதுக்கு இன்னொன்னு பொறுப்பு எடுத்துக்காது.

பணம் திரும்பக் கிடைக்குமா?

விமானக் கம்பெனியே கேன்சல் பண்ணா முழுப் பணமோ வேற ப்ளைட்டோ, எது வேணும்னு நீங்கதான் சொல்லணும். அதுக்கு மேல நஷ்டஈடு கேட்டா வானிலைக் காரணத்துக்குக் கிடையாது, விதியே அப்படித்தான். ப்ளைட் கிளம்பி நீங்க தீவுல மாட்டிக்கிட்டு ஏறலன்னா அது உங்க கணக்கு. கப்பல் அவங்களா நிறுத்தினா பொதுவா பணம் தருவாங்க இல்ல அடுத்த நாள் மாத்தித் தருவாங்க. ஹோட்டல்காரர்தான் லேசுல தரமாட்டார், அதனால போறதுக்கு முன்னாடியே "கப்பல் நின்னு வரமுடியலன்னா என்ன பண்ணுவீங்க"ன்னு வாட்ஸ்அப்ல எழுத்துல கேட்டு வச்சுக்கோங்க. ட்ராவல் இன்சூரன்ஸ் எடுக்கறதா இருந்தா டிக்கெட் போட்ட கையோட எடுங்க, புயல் பேரு வச்சதுக்கப்புறம் ஓடிப்போயி எடுத்தா வேலைக்காகாது.

எந்த பீச்சுக்குப் போனா கடல் அமைதியா இருக்கும்?

காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதோ அதுக்கு முதுகு காட்டுற பீச். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் காத்து தென்மேற்குலேர்ந்து வருது, ஹேவ்லாக்ல எல்லாரும் ஓடுற ராதாநகர் பீச் மேற்கு பாத்தது, அதனால அந்த மாசத்துல அங்க அலை ஆளத் தூக்கி அடிக்கும். அதே நாள்ல தீவுக்கு அந்தப் பக்கம் கிழக்கு பாத்த விஜயநகர், காலாபத்தர் பக்கம் போனீங்கன்னா கண்மாய் மாதிரி கிடக்கும். நவம்பர், டிசம்பர்ல வடகிழக்குக் காத்துக்கு இது அப்படியே உல்டா, கிழக்குப் பக்கம் குமுறும், ராதாநகர் சாந்தமா இருக்கும். நீல்லயும் இதே கணக்குதான், லக்ஷ்மன்பூர் மேற்கு, சீதாபூர் கிழக்கு. ஸ்கூட்டி வாடகைக்கு எடுத்தா ஒரு பக்கம் சரியில்லன்னா இன்னொரு பக்கம் போயிடலாம், தீவு அவ்வளவு சின்னது. ரோடு வழுக்கும், ஹெல்மெட் மாட்டுங்க.

போர்ட் பிளேர் பக்கத்துல வண்டூர்லேர்ந்து போற ஜாலி பாய் தீவு மழைக்காலத்துல மூடியிருக்கும், அதுக்குப் பதிலா ரெட் ஸ்கின் தீவு திறந்திருக்கும். ஏஜென்ட் ஜூலைல ஜாலி பாய் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா அவருக்கே விஷயம் தெரியலன்னு அர்த்தம்.

ஸ்கூபா பண்ணலாமா?

பண்ணலாம், தண்ணிக்குள்ள போனா மேல மழை பெய்யறதே தெரியாது, அது ஒரு தனி அனுபவம். பிரச்சனை என்னன்னா பெரு மழைக்கப்புறம் மண்ணு கலந்து தண்ணி கலங்கிடும், பவளம் பாக்கப் போயி மோர் குடத்துக்குள்ள முங்கின மாதிரி இருக்கும். டைவ் சென்டர்ல "இன்னிக்கு எவ்வளவு தூரம் தெரியுது"ன்னு கேளுங்க, நேர்மையான ஆளா இருந்தா நாளைக்கு வாங்கன்னு சொல்வாரு. ஹேவ்லாக்ல எலிஃபன்ட் பீச்சுக்குப் போற சின்னப் படகெல்லாம் காத்து கொஞ்சம் எழுந்தாலே நிறுத்திடுவாங்க.

எனக்கு நல்லா நீச்சல் தெரியும், கடல்ல இறங்கினா என்ன?

கிணத்து நீச்சல் வேற, பருவமழைக் கடல் வேற. உள்ள இழுக்கற நீரோட்டம் வெளிலேர்ந்து பாத்தா தெரியாது. செவப்புக் கொடி இருந்தா இறங்காதீங்க, இழுத்துட்டா கரைய நோக்கி நேரா அடிக்காம பக்கவாட்டுல நீந்துங்க. இன்னொன்னு, அங்க உப்புத்தண்ணி முதலை இருக்கு. கழிமுகம், சதுப்பு நில ஓடை பக்கம்தான் அதோட இடம், 2010-ல ராதாநகர் பக்கத்துலயே ஒரு வெளிநாட்டுப் பெண் முதலை தாக்கி இறந்தாங்க. போர்டு வச்சிருக்கற இடத்துல செல்ஃபிக்காகக் கூட கால் நனைக்காதீங்க.

மழை நாள்ல போர்ட் பிளேர்ல என்ன பாக்கறது?

செல்லுலார் ஜெயில்தான். வெயில் நாள்ல பாத்ததவிட மழைல பாத்தப்பதான் எனக்கு அது உள்ள இறங்குச்சு. 1906-ல கட்டி முடிச்சது, மொத்தம் 693 கொட்டடி, எல்லாம் தனித்தனி, ஒருத்தன் முகத்த ஒருத்தன் பாக்க முடியாத மாதிரி கட்டினது. ஏழு வரிசை இருந்ததுல இப்ப மூணுதான் மிச்சம். ஒரு கொட்டடிக்குள்ள நின்னு கம்பி வழியா மழை சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தேன், அம்மா வெளிலேர்ந்து "வாடா போதும்"னு கூப்பிட்டாங்க, அவங்களால அங்க நிக்க முடியல. சாயங்கால ஒலி ஒளிக் காட்சி திறந்தவெளில, மழை வந்தா நனைஞ்சுக்கிட்டே பாக்கணும் இல்ல நின்னுடும். சமுத்ரிகா மியூசியம், மானுடவியல் மியூசியம் எல்லாம் கூரைக்குக் கீழ. சாத்தம் மர அறுவை ஆலை 1883-லேர்ந்து ஓடுது, மரத்துல ஆர்வம் இருக்கறவங்களுக்குப் பிடிக்கும், என் தம்பிக்குக் கொட்டாவி வந்துடுச்சு.

பாராட்டாங் தீவு சுண்ணாம்புக் குகைக்கு ரோடு வழிதான், ஆனா கடைசில படகு ஏறணும், அப்புறம் சேத்துல நடக்கணும். ஜாரவா பழங்குடி மக்களோட காப்பகம் வழியா வரிசையாத்தான் வண்டி விடுவாங்க, அதுக்கு நடுராத்திரில எழுந்திரிக்கணும். மழைல வேணாங்கறது என் கட்சி. போனா, வழில அந்த ஜாரவா மக்களப் போட்டோ எடுக்கறது சட்டப்படி குத்தம், மறந்துடாதீங்க.

கப்பல்ல வாந்தி வருமா?

மழை சீசன்ல பாதிப் பேருக்கு வரும், வெக்கப்படாதீங்க, கவர் குடுப்பாங்க. காலைல வெறும் வயித்தோடவும் போகாதீங்க, பூரி கிழங்க ஒரு கட்டு கட்டிட்டும் போகாதீங்க, ரெண்டு இட்லி போதும். வாந்தி மாத்திரைய ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும், கப்பல் ஆட ஆரம்பிச்சதுக்கப்புறம் போட்டா அதுவும் சேந்து வெளிய வந்துடும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரக் கேட்டுட்டு. கீழ்த் தளத்துல நடு சீட்டு கேளுங்க, போனப் பாக்காம தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டப் பாருங்க.

சென்னைலேர்ந்தே கப்பல்ல போனா?

சுமார் மூணு நாள், ஒரு வழிக்கு. மழைக்காலத்துல வேணாம். முழு லீவும் கப்பல்லயே போயிடும், புறப்படற தேதியும் தள்ளிப் போகும்.

சாப்பாடு, நெட், ஏடிஎம்?

தமிழ் ஆளுங்க நிறைய, போர்ட் பிளேர்ல இட்லி தோசைக்குக் கவலை இல்ல. ஆனா காய்கறி முக்காவாசி மெயின்லேண்ட்லேர்ந்துதான் வருது (அங்க நம்ம ஊருக்கு அதான் பேரு), கப்பல் நின்னா தக்காளி விலை எகிறும். நீல்ல நாங்க இருந்த நாலாவது நாள் ஹோட்டல்ல சாம்பார்ல பப்பாளிக்காய் மட்டும்தான் மிதந்துச்சு, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

2020-ல சென்னைலேர்ந்து கடலுக்கடில கேபிள் போட்டதுக்கப்புறம் நெட் எவ்வளவோ பரவால்ல, அதுக்கு முன்னாடி எல்லாம் சேட்டிலைட்தான். ஆனா மழைல தீவுல சிக்னல் போயிட்டுப் போயிட்டு வரும், கரண்ட்டும் அப்படித்தான், யூபிஐய நம்பி கைய வீசிட்டுப் போகாதீங்க, ரெண்டு நாள் கூடத் தங்கற அளவுக்கு ரொக்கம் வேணும். டிக்கெட் எல்லாம் பேப்பர்ல எடுத்து பாலித்தீன் கவர்ல போட்டு வைங்க.

துணிமணி?

ஜீன்ஸ் வேணாம், காயவே காயாது. குடை காத்துக்குத் திரும்பிக்கும், ரெயின்கோட்டுதான். பெல்ட் வச்ச செருப்பு. டார்ச். அவ்வளவுதான்.

வந்ததுக்கப்புறம் காய்ச்சல் வந்தா?

அந்தமான்ல எலிக்காய்ச்சல் ரொம்ப நாளாவே இருக்கு, மழைக்காலத்துல கூடும். எலி மூத்திரம் கலந்த தண்ணிலயும் சேத்துலயும் வெறுங்காலோட நடந்தா கால்ல இருக்கற சின்னக் கீறல் வழியா உள்ள போயிடும். ஊருக்கு வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், உடம்பு வலி, கண்ணு செவப்புன்னு வந்தா சும்மா பாராசிட்டமால் போட்டுட்டுப் படுக்காதீங்க, டாக்டர்கிட்ட "அந்தமான் போயிட்டு வந்தேன், மழைத் தண்ணில நடந்தேன்"னு வாயத் திறந்து சொல்லுங்க. சொல்லாம அவருக்குத் தெரியாது.

புயல் சீசன் எப்ப? முன்கூட்டியே தெரியுமா?

ரெண்டு சீசன்: ஏப்ரல் கடைசிலேர்ந்து மே வரைக்கும், அப்புறம் அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும். அதுக்கு வெளிய வராதுன்னும் சொல்ல முடியாது, 2022 மார்ச்ல ஒரு ஆழ்ந்த தாழ்வு மண்டலம் அந்தமான ஒட்டியே மேல போச்சு, அப்பவும் தீவுக்கப்பல நிறுத்தினாங்க. இந்திய வானிலை மையம் ரெண்டு மூணு நாள் முன்னாடியே சொல்லிடும். நம்ம ஊர்ல பாக்கற மாதிரி "சென்னைக்கு எவ்வளவு தூரத்துல இருக்கு"ன்னு பாக்காதீங்க, "தென்கிழக்கு வங்கக்கடல், அந்தமான் கடல்"னு வார்த்தை வந்தாலே உஷாராகி, தீவுல இருந்தா முதல் கப்பலப் புடிச்சு போர்ட் பிளேர் வந்துடுங்க.

சுனாமி?

அது நிலநடுக்கத்தால வர்றது, மழைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

வயசான அப்பா அம்மாவ மழைல கூட்டிட்டுப் போலாமா?

முட்டி வலி இருந்தா யோசிங்க. ஜெட்டில கப்பல் ஆடிக்கிட்டே இருக்கும், நடுவுல போடற பலகையும் ஆடும், ஈரமா இருக்கும், ரெண்டு பேர் கை புடிச்சு ஏத்துவாங்க. அம்மாவ அப்படித்தான் ஏத்தினோம். மாத்திரை ஒரு வாரத்துக்குக் கூடுதலா எடுத்துக்கோங்க, நீல்ல எங்களுக்கு அம்மாவோட சுகர் மாத்திரை மூணாவது நாளே தீந்துடுச்சு, அந்த டீக்கடை அக்காதான் அவங்க பையன ஸ்கூட்டில அனுப்பி ஆஸ்பத்திரிலேர்ந்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஒரு அட்டை வாங்கினதுக்குக் காசு குடுக்கப் போனா வாங்கல, "ஊருக்குப் போயி ஒரு கிலோ நல்ல வத்தல் அனுப்புங்க, இங்க கிடைக்கறது காரமே இல்ல"ன்னாங்க. அம்மா ரெண்டு கிலோ அனுப்பினாங்க.